‘டிக்’ சத்தம் கேட்டதுமே ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டாம்

தர்மபுரி மாவட்டம் நாகமரைப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் கேட்கிறார்: "மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறோம். கடலோரத்தில் ஓடிய, படகின் பின்னால் மாட்டும் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரைத் தரகர் மூலம் வாங்கினோம். ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது பேட்டரி போட்டும் அப்படியே. கயிறு போட்டு இழுத்தால் ஓடுகிறது. ஸ்டார்ட்டர் (எஞ்சினைச் சுற்றிவிடும் சின்ன மோட்டார்) எரிந்துவிட்டது, வேறு ஒன்றுக்கு 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் தரகர். வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். கயிற்றுக்கு ஓடுகிறது என்றால் எஞ்சினும் நெருப்புப் பொறியும் நன்றாகவே இருக்கின்றன. ‘டிக்’ என்பது ரிலே, அதாவது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச், இழுக்கும் சத்தம். அதற்குத் துளி மின்சாரம் போதும். ஸ்டார்ட்டர் சுற்றவோ 100 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். வழியில் ஒரு இணைப்பு கெட்டிருந்தால் துளி போகும், வெள்ளம் போகாது. கிணற்று மோட்டாரில் லைட் எரியும், சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்குமே, ஏறக்குறைய அதே கதை.

கடலில் ஓடிய மோட்டார் என்பதுதான் இங்கே முக்கியம். உப்பு வயரின் ரப்பர் உறைக்குள்ளே ஏறிச் செம்பைக் களிம்பாக்கிவிடும். வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று விற்பவர்கள் உறைக்குள் என்ன இருக்கிறது என்று காட்டமாட்டார்கள். உள்நாட்டு மீனவருக்குப் பழைய கடல் மோட்டாரை விற்க ஆள் வருகிறார்கள். அது நின்றுபோனால் பார்க்கக் கிட்டத்தில் ஒருவரும் இல்லை. மோட்டாரை விற்றவரே நோயும் சொல்லி மருந்தும் விற்கிறார். இந்த நிலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சில நூறு ரூபாய்க்கு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். படகு தண்ணீரில் இருக்கட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பெட்ரோல் வாடை அடித்தால் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். முதலில் சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். அப்புறம் மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், மேலே மாட்டிய கிளிப்பில் அல்ல. கறுப்பு முனையைத் தடித்த வயர் வந்து சேரும் ஸ்டார்ட்டர் நட்டில் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். திருப்பிப் பிடித்திருக்கும்போது அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பாதை சரி. அதற்கு மேல் போனால் அந்தப் பாதையில்தான் கோளாறு. முனைகளை ரிலேயின் இரண்டு பெரிய நட்டுகளுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கேயும் அதே அளவு காட்டினால் ரிலே மட்டும்தான் போயிருக்கிறது. மைனஸ் குமிழுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவிலும் இதே சோதனை. பலர் மறந்துவிடுவது இந்த மைனஸ் பக்கம்தான்.

மீட்டர் இல்லையா? நாலைந்து விநாடி சாவியைத் திருப்பிப் பிடித்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பது பெரும்பாலும் குற்றவாளி.

கெட்ட முனையைச் சுத்தமான செம்பு தெரியும் வரை வெட்டி, புது லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அமுக்கி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். வயர் முழுவதும் கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வீட்டு வயரை மட்டும் போடாதீர்கள், 100 ஆம்பியரை அது தாங்காது. தடித்த வெல்டிங் கேபிள் நல்ல தண்ணீரில் ஓடும் படகுக்குப் போதும்.

ஸ்டார்ட்டரே பழுது என்று எப்போது ஒப்புக்கொள்ளலாம்? இரண்டு பாதையும் அரை வோல்ட்டுக்குள் இருந்து, ஸ்டார்ட்டர் நட்டுக்கும் அதன் உடலுக்கும் நடுவே பத்து வோல்ட்டுக்கு மேல் வந்தும் அது அசையாவிட்டால் மட்டுமே. அப்போதும் 18,000 கொடுக்க அவசரம் வேண்டாம். உள்ளே உரசும் கார்பன் கட்டைகள் தேய்ந்திருக்கலாம், உள்ளே துரு பிடித்திருக்கலாம். அதைக் கழற்றிக்கொண்டு தர்மபுரியில் கார் ஸ்டார்ட்டர் பழுது பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். உள்ளே இருக்கும் வேலை அவருக்குப் பழகியதுதான். கண்ணெதிரே திறந்து, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகியிருப்பதைக் காட்டினால் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

சரிசெய்து எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டுகிறதா என்று பாருங்கள். அப்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காகப் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கை மட்டும் கிட்டே விடாதீர்கள். ஓடும்போது கழற்றினால், எஞ்சின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெக்டிஃபையர் போய்விடலாம்.