‘டேக் ஒட்டியாயிற்று’ என்றார், நம்பிவிட்டேன்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: இணையதளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் ‘டேக்’ என்ற சிறு நிரலை வைக்கப் பணம் கொடுத்தேன், ஏமாந்தேன். ஆகவே சலவை இயந்திரம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: கையால் பின்னிய பைகளை இணையத்தில் விற்கிறேன். வருகையாளரை எண்ணும் டேக் வைத்துத் தர ஒருவருக்குப் பணம் கொடுத்தேன். மூன்று வாரமாக அறிக்கையில் பூஜ்யம். கேட்டால், “கூகுள் 48 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்” என்கிறார். டேக்கின் எண் ‘யூஏ’ என்று தொடங்குகிறது.

பதில்: அம்மா, உங்களுக்கு விற்கப்பட்டது உயிர் போன சரக்கு. ‘யூஏ’ என்று தொடங்குவது, வருகையை எண்ணும் சேவையான கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு. 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு அது புதிய தரவு வாங்குவதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுவது ஜிஏ4, அதாவது கூகுள் அனலிட்டிக்ஸ் 4. அதன் எண் ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்கும். அந்த மனிதர் ஏதோ பழைய குறிப்பைப் பார்த்து ஒட்டியிருக்கிறார்.

48 மணி நேரம் என்பது அரை உண்மை. வழக்கமான அறிக்கைகள் நிரம்ப ஓரிரு நாள் ஆகலாம். ஆனால் ‘ரியல்டைம்’ என்ற பக்கம் கடைசி 30 நிமிடங்களில் வந்தவர்களைக் காட்டும். சரியான டேக்கை வைத்தபின் அந்தப் பக்கத்தைக் கணினியில் திறந்து வையுங்கள். கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் தளத்துக்குப் போங்கள். சற்று நேரத்தில் பூஜ்யம் ஒன்றாக வேண்டும். ஒரு பையின் படத்தைத் தொட்டால் அந்தப் பக்கத்தின் பெயரும் பட்டியலில் ஏற வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். மூன்று வார வருகைக் கணக்கும் போயிற்றே என்றுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: கூகுள் டேக் மேனேஜருக்கு ‘ஆண்டு உரிமம்’ வாங்க வேண்டும் என்கிறார்கள். எங்களுடையது சிறிய கடை. வாங்கலாமா?

பதில்: டேக்குகளை ஒரே இடத்திலிருந்து வைக்கவும் மாற்றவும் உதவும் அந்தக் கருவி இலவசம். சொன்னவரை மாற்றுங்கள்.

கேள்வி: தளத்தில் புதிய பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போட்ட மறுநாளே பக்கப் பார்வைகள் இரட்டிப்பாகிவிட்டன. ஆட்களின் எண்ணிக்கை மட்டும் ஏறவில்லை. இந்த வேகத்தை நம்பி விளம்பரத்துக்கு இரண்டு மடங்கு பணம் ஒதுக்கிவிட்டேன். ஆர்டர் வரவில்லையே, ஏன்?

பதில்: ஆட்கள் அதே, பார்வை மட்டும் சரியாக இரண்டு மடங்கு. இதைப் படித்தபோதே உங்களுக்கு உறைத்திருக்க வேண்டாமா? தளத்தில் ஏற்கெனவே ஒரு டேக் இருந்தது. பிளக்இன் அதையே இன்னொரு முறை ஒட்டியிருக்கிறது. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு என்று விழுகிறது. பக்கத்தின் மூல நிரலைத் திறந்து உங்கள் எண்ணைத் தேடுங்கள், டேக் மேனேஜருக்குள்ளும் பாருங்கள். இரண்டு வழியாகவும் அது ஓடினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். விளம்பரத்தை இன்றே குறையுங்கள்.

உங்களை அதிகம் திட்ட எனக்குத் தகுதி இல்லை. பழைய அனலிட்டிக்ஸ் காலத்தில் ‘மேம்பட்ட புள்ளிவிவரம்’ என்று ஒரு பிளக்இன்னுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். என் தளத்தின் ‘பவுன்ஸ் ரேட்’, அதாவது ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களின் விகிதம், ஒரே இரவில் இரண்டு சதவீதத்துக்கு விழுந்தது. என் எழுத்தில் உலகமே சொக்கிவிட்டது என்று நினைத்தேன். நான்கு பேருக்குச் சொல்லியும் விட்டேன். டேக் இரண்டு முறை அடித்ததால், வந்தவுடன் ஓடியவரும் இரண்டு பக்கம் பார்த்தவராகக் கணக்கில் ஏறியிருந்தார். சந்தாவைத் திருப்பித் தரவில்லை. ஆனால் நான் அதை நம்பி விளம்பரம் வாங்கவில்லை!

கேள்வி: எங்கள் தளத்துக்கு டேக் வைத்த நிறுவனத்தோடு தகராறு. அனலிட்டிக்ஸ் கணக்கு அவர்கள் மின்னஞ்சலில் இருக்கிறது. இரண்டு ஆண்டுத் தரவைத் தர ‘தொழில்நுட்ப ரீதியாக வழியில்லை’ என்கிறார்கள்.

பதில்: வழி இருக்கிறது. மனம்தான் இல்லை.

இதைப் பற்றி எழுதி எழுதி என் கை தேய்ந்துவிட்டது. வீடு கட்டிய மேஸ்திரி பத்திரத்தைத் தன் பெயரில் பதிந்துகொண்டால் சும்மா இருப்போமா? இங்கே மட்டும் இருக்கிறோம். “எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்ற ஒரு வாக்கியத்தில் மயங்கி, கணக்கு யார் பெயரில் என்றுகூடக் கேட்பதில்லை. கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்கள் திறக்க வேண்டும். வேலை செய்கிறவருக்கு அதில் அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும். உறவு முடிந்த அன்று அனுமதியை நீக்க வேண்டும். திறக்க ஐந்து நிமிடம், காசு கிடையாது.

டேக் மேனேஜரில் இது இன்னும் முக்கியம். அதில் ‘வெளியிடும்’ அனுமதி உள்ளவர் உங்கள் தளத்தில் எந்த நிரலையும் ஓட்டலாம். பணம் கட்டும் பக்கத்தில் அது இருந்தால் அங்கேயும்தான். பிரிந்துபோன நிறுவனத்தின் கையில் அந்தச் சாவி இன்னமும் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் அவர்களுடைய டேக் மேனேஜர் நிரலைத் தளத்திலிருந்து எடுங்கள்.

இனி உங்கள் பங்கு. ஜிஏ4-இல் ஒரு ‘பிராபர்ட்டி’யை, அதாவது உங்கள் தளத்தின் தரவு இருக்கும் அறையை, ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே மாற்றலாம். இரண்டு பக்கமும் நிர்வாகி உரிமை உள்ளவர் செய்ய வேண்டும், அவ்வளவுதான். டேக் மேனேஜரின் அமைப்புகளையும் ஒரு கோப்பாக எடுத்துத் தரலாம். இரண்டையும் பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பழையது போயிற்று என்று இன்றே புதிதாகத் தொடங்குங்கள். தொடங்கும்போது ஆய்வுகளுக்கான தரவு எத்தனை மாதம் தங்கும் என்ற அமைப்பையும் பாருங்கள். இயல்பாக அது 2 மாதம், 14 ஆக்கிக்கொள்ளலாம். ஒட்டித் தருகிறவர்கள் இதை மறப்பதில் வல்லவர்கள்.

கேள்வி: ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர் உண்டு. குக்கீ (வருகையாளரின் பிரவுசரில் தளம் சேமிக்கும் சிறு குறிப்பு) வைக்க அனுமதி கேட்கும் பட்டை ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறேன். போதுமா?

பதில்: பட்டை தெரிந்தால் போதாது, வேலை செய்ய வேண்டும். பிரவுசரின் தனிமறைச் சாளரத்தில் தளத்தைத் திறந்து ‘நிராகரி’யை அழுத்துங்கள். பிறகு டெவலப்பர் கருவிகளில் குக்கீப் பட்டியலைப் பாருங்கள். ஒரு அடிக்கோடும் ‘ஜிஏ’வும் கொண்டு தொடங்கும் குக்கீ அங்கே உட்கார்ந்திருந்தால், நீங்கள் வாங்கியது தோரணம். ‘நிராகரி’ என்ற பொத்தானே காணோம் என்றால் அது வேறு வம்பு. ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்ததற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் அறிவித்தது.

கேள்வி: கடையில் 100 ஆர்டர். அனலிட்டிக்ஸில் 83. யார் திருடினார்கள்?

பதில்: யாரும் இல்லை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர், குக்கீயை மறுத்தவர், நன்றிப் பக்கம் வருமுன் சாளரத்தை மூடியவர் ஆகியோரை டேக் பார்ப்பதில்லை. பணத்துக்குக் கடையின் கணக்கை நம்புங்கள்.

கேள்வி: கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் என்ன சோதிக்க வேண்டும்?

பதில்: கடிதம் எழுதிக் கேட்டீர்களே, அதற்கே ஒரு சபாஷ். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ஏற்காதீர்கள். டேக் மேனேஜரின் முன்னோட்டத்தைத் திறந்து, எந்த டேக் எப்போது அடிக்கிறது என்று எதிரில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களே ஒரு சோதனை ஆர்டர் போட்டு, நன்றிப் பக்கத்தை மூன்று முறை ரீலோட் செய்யுங்கள். ஓரிரு நாள் கழித்து அறிக்கையில் விற்பனை ஒன்று என்று நிற்க வேண்டும். நான்கு என்று நின்றால் ஆர்டர் எண்ணை டேக்கோடு அனுப்ப மறந்திருக்கிறார். அதைத் திருத்தும் வரை தவணை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் தளத்தை நானே நாளைக்கு 40 முறை திறக்கிறேன். அதுவும் எண்ணப்படுமா?

பதில்: எண்ணப்படும். உங்கள் ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண்ணை, ‘உள் வருகை’ என்று குறித்து வடிகட்டி போடலாம். அதை ‘சோதனை’ நிலையிலிருந்து ‘செயலில்’ என்று மாற்றினால்தான் அது வடிகட்டும். நாற்பது முறை எதற்கு என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.