விட்டதைப் பிடிக்கப் பார்க்காதீர்கள்

கேள்வி: ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 38. பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். 11 வருடத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். ஆனாலும் மூணு நம்பர் லாட்டரியை விட முடியவில்லை. ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் 'இனி தொடமாட்டேன்' என்று பொருத்தனை பண்ணுகிறேன். பொங்கல் வரைகூடத் தாங்குவதில்லை. விழுந்த வாரம் வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, ஞாயிறு காணிக்கையை இரட்டிப்பாகப் போடுகிறேன். ஆறு மாதமாகத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கவில்லை. மனைவி குழுவில் வாங்கி வைத்திருந்த கடன் பணத்திலும் கை வைத்துவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. கிருபை எனக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை? நான் உண்மையில் இரட்சிக்கப்பட்டவன்தானா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் 'காணிக்கையை இரட்டிப்பாக' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். லாட்டரி போடுகிறவர்கள் பேசுவதை நீங்களே தினம் கேட்கிறீர்கள். 'நேற்று 300 போச்சு, இன்னிக்கு 600-க்குப் போட்டா விட்டதைப் பிடிச்சிடலாம்.' வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் பாருங்கள். அதே கணக்குதான். வாரநாளில் நம்பர்காரனிடம் விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள், வாரக் கடைசியில் ஆண்டவரிடம் விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். கடன் தீர்ந்தது என்று மனசு கொஞ்சம் லேசானதும், அடுத்த சீட்டுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. உபவாசமும் காணிக்கையும் தப்பு என்று சொல்லவில்லை. பாவத்துக்குக் கட்டுகிற அபராதமாக அவை மாறிவிட்டால், அந்தப் பாவத்துக்கே துணை போகும்.

கிருபை என்றால் பலகையைத் துடைக்கிற டஸ்டர் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எழுது, துடை, மறுபடியும் எழுது. அப்போஸ்தலன் பவுல் அப்படிப் பேசவில்லை. ரோமர் 6:14-ஐ மெதுவாகப் படியுங்கள்: 'நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது.' நீங்கள் உறுதியாகப் பொருத்தனை பண்ணினபடியால் என்று அங்கே இல்லை. நீங்கள் யாருடைய கூரையின் கீழ் இருக்கிறீர்கள் என்பதையே அவர் காரணமாகக் காட்டுகிறார். தீத்து 2:12-இல் கிருபை நமக்குப் 'போதிக்கிறது' என்று நம் வேதாகமத்தில் இருக்கிறதே, அந்தக் கிரேக்கச் சொல் பிள்ளையைக் கண்டித்துப் பயிற்றி வளர்ப்பதையும் குறிக்கும். வளர்க்கிறவர் பிள்ளை விழுந்த பிறகு மட்டும் வருகிறவர் இல்லையே. விழுவதற்கு முந்தின நாளும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

நம் வட ஆற்காட்டுச் சபைகளில் பலவற்றுக்கு வேர், 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த ஆற்காடு மிஷன். அமெரிக்க சீர்திருத்த சபையைச் சேர்ந்த மிஷனரிகள் அவர்கள். அந்தச் சபையின் பழைய உபதேச நூல் 1563-இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை. அதில் மூன்று பகுதிகள்: மனுஷனுடைய நிர்ப்பந்தம் (அதாவது பரிதாப நிலை), மீட்பு, நன்றி. பத்துக் கட்டளைகளின் விளக்கத்தை எந்தப் பகுதியில் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மூன்றாவதில், நன்றியில். கீழ்ப்படிதலை விலையாகக் கொடுத்து நாம் மீட்பை வாங்குவதில்லை, மீட்கப்பட்டவன் நன்றியோடு கீழ்ப்படிகிறான் என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது. அதே நூலின் 114-ஆவது பதில், மிகப் பரிசுத்தமானவர்களுக்குக்கூட இந்த வாழ்வில் அந்தக் கீழ்ப்படிதலின் சின்னத் தொடக்கம் மட்டுமே இருக்கிறது என்கிறது. தொடக்கம்தான், ஆனால் இருக்கிறது.

நீங்கள் இரட்சிக்கப்பட்டவனா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இருதயத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் செத்தவனுக்கு வலிக்காது. 'நிர்ப்பந்தமான மனுஷன் நான்!' என்று கதறிய பவுல், அடுத்த அதிகாரத்தின் முதல் வரியிலேயே ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று எழுதுகிறார். ரோமர் 7-ஐப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். கன்வென்ஷன் மேடையில், ஒரே ராத்திரியில் குடி போச்சு, சூது போச்சு என்று சாட்சி சொல்கிறார்கள். அது நடக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் மெதுவாக விடுதலையானவனுக்கு யாரும் மைக் கொடுப்பதில்லை. என்னை விடாத பாவம் கோபம். கமிட்டிக் கூட்டங்களில் நாக்கைக் கட்ட நான் பட்ட பாடு இருபது வருடக் கதை. இப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. இதை எந்தக் கூட்டத்தில் சாட்சியாகச் சொல்வது?

சரி, நடைமுறைக்கு வருவோம். 'துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து' என்கிறது ரோமர் 13:14. 'இடம்' என்ற சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாவத்துக்கு ஒரு இடமும் நேரமும் உண்டு. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-இலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் கேரள லாட்டரியின் கடைசி மூன்று எண்ணை வைத்து இந்தச் சட்டவிரோத ஆட்டம் நடக்கிறது. கேரளக் குலுக்கல் மதியம் மூன்று மணிக்கு. அப்படியானால் உங்கள் சோதனை இருபத்துநாலு மணி நேரமும் இல்லை. காலை டீ நேரத்தில் யாரோ 'இன்னிக்கு ஒண்ணு வருது' என்பதில் ஆரம்பித்து, மூன்று மணி ரிசல்ட் வாட்ஸ்அப்பில் வரும்வரைதான். அந்த டீக்கடைக்குப் போகாதீர்கள், பத்து நாளைக்கு ஃபிளாஸ்கில் டீ கொண்டு போங்கள். அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறி, நம்பர்காரனின் எண்ணை பிளாக் பண்ணுங்கள். ஜிபேயில் கிடக்கிற பணத்தை வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எஜமான் போத்திபாரின் மனைவி வஸ்திரத்தைப் பிடித்து இழுத்தபோது யோசேப்பு நின்று ஜெபம் பண்ணவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். ஒரு சீட்டுக்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இந்தக் கணக்கு உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் கை போகிறது என்றால், அறிவை மட்டும் நம்பிப் பிரயோஜனம் இல்லை, ஆள் வேண்டும். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, 'நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு' என்று காரணமும் சேர்த்து. வாய் காக்கத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்: உங்கள் ஆயரோ, சபை மூப்பரோ, வயதில் மூத்த நண்பரோ. ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம், அது ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஊரெல்லாம் சுற்றும். அந்த ஒருவரிடம் தினம் மதியம் இரண்டரைக்கு, 'இன்றைக்குப் போடவில்லை' அல்லது 'போட்டுவிட்டேன்' என்று ஒரு வரி அனுப்புங்கள். போட்ட அன்றைக்குத்தான் அனுப்பக் கூசும், அன்றைக்குத்தான் கட்டாயம் அனுப்ப வேண்டும். அவர் உங்களைத் திட்டாமல் 'சரி, நாளைக்கும் அனுப்பு' என்று சொல்கிறவராக இருந்தால், கிருபை எப்படியிருக்கும் என்று பிரசங்கத்தில் கேட்டதைவிட அங்கே நன்றாகத் தெரியும்.

சூதாட்டம் சிலருக்கு நோயாகவே பிடித்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. இரண்டு மூன்று மாதம் இப்படி முயன்றும் அசையவில்லை என்றால், வேலூரில் பாகாயத்தில் இருக்கிற சி.எம்.சி. மனநலப் பிரிவுக்குப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். பாகாயம் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்குவது வெகுகாலமாக இருக்கிற வழக்கம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போவதால் கிருபைக்கு ஒரு குறையும் வராது.

திருவிருந்து விஷயத்தில் நீங்கள் செய்திருப்பது தலைகீழ். 1 கொரிந்தியர் 11-இல் பவுல் 'அபாத்திரமாய்' (தகுதியில்லாத விதமாய்) என்று சொல்வது பந்தியில் நடந்துகொள்ளும் விதத்தை. கொரிந்து சபையில் ஒருவன் பசியாய் இருக்க, இன்னொருவன் வெறியாய் இருந்தான். பாத்திரமுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்றால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆயருக்கே பங்கு இல்லை. மனுஷன் தன்னைச் சோதித்தறிந்து, அப்பத்தில் புசித்து, பாத்திரத்தில் 'பானம்பண்ணக்கடவன்' என்றுதான் வசனம் முடிகிறது. அடுத்த முதல் ஞாயிறு முழங்கால்படியிடுங்கள். அன்றைக்குக் காணிக்கையை வழக்கமான அளவே போடுங்கள், ஒரு ரூபாய்கூடக் கூட்ட வேண்டாம்.

மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி. பாதித் தொகை சொல்லி மீதியை மறைத்தால் அது இன்னொரு சீட்டு போடுவது மாதிரி. யாருக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு, வட்டிக்காரருக்கு எவ்வளவு என்று பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கம் எழுதி, கூட்டிக் கோடு போட்டு அவர் கையில் கொடுங்கள். அழுவார், கத்துவார், இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். அப்போது வசனம் சொல்லிச் சமாதானப்படுத்தப் போக வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கம்பெனியில் சம்பளம் பெரும்பாலும் ஏழாம் தேதிதான் போடுவார்கள். உங்களுக்கும் அப்படி என்றால் ஆறாம் தேதி ராத்திரி, பிள்ளைகள் தூங்கின பிறகு சொல்லுங்கள், ஏ.டி.எம். கார்டையும் அந்த நோட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.