ஹேண்ட்பேன் வாங்குறப்போ 440 எடுக்கலாமா, 432 எடுக்கலாமா?

முதல் ஹேண்ட்பேன் (கையால தட்டி வாசிக்கிற, குவிஞ்ச உலோகத் தட்டு மாதிரி வாத்தியம்) ஆர்டர் பண்ணப் போறீங்க, செய்றவர் ஏ நோட்டு 440 ஹெர்ட்ஸா 432 ஆன்னு, அதாவது மொத்த சுருதியையும் எதை வச்சுப் பிடிக்கணும்னு கேட்டு நிக்கிறார், அதானே? இன்னொருத்தரோட சேர்ந்து வாசிக்கிற ஆசை கொஞ்சமாவது இருந்தா 440 எடுத்துடுங்க.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, இது கிட்டார் மாதிரி திருகி சுருதி மாத்துற வாத்தியம் இல்ல. ஒவ்வொரு நோட்டையும் சுத்தியலால தட்டித் தட்டி, அடி சுரம், அதோட மேல் ஆக்டேவ் (மேல் ஸ்தாயி), அதுக்கும் மேல ஒரு பஞ்சமம்னு மூணையும் ஒண்ணா சேர வச்சிருப்பாங்க, நாம வீட்ல அதுல கை வைக்கவே முடியாது.

நான் முதல்ல வாங்கினது டி குர்ட்ங்கிற ஸ்கேல் (சுர வரிசை), 432. தனியா வாசிச்ச வரைக்கும் சொர்க்கம்தான். அப்புறம் ஒரு நண்பர் ஹார்மோனியத்தோட வந்தார், ரெண்டு பேரும் ஒரு ஆக்டேவ் கீழ இருக்கிற அதே ஏ நோட்டைப் பிடிச்சோம், அவரோடது 440ல பாதி 220, என்னோடது 432ல பாதி 216, செகண்டுக்கு நாலு தடவை சத்தம் பெருசாகி சின்னதாகி துடிக்குது, அதுவும் ஹேண்ட்பேன் நோட்டு தட்டின பிறகும் இழுத்துக்கிட்டே நிக்குமா, அந்தத் துடிப்பு அடங்கவே மாட்டேங்குது. அன்னைக்கு ஒரு பாட்டு கூட முழுசா வாசிக்க முடியல, மனசே விட்டுப் போச்சு. கிட்டார், வயலின்காரங்க நமக்காக இறக்கிக்குவாங்க, கீபோர்டுல டியூன் செட்டிங்ல சுமார் 32 சென்ட் (அரை சுரத்துல நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைச்சா சரியாயிடும். ஹார்மோனியம், இன்னொரு ஹேண்ட்பேன் எல்லாம் என்ன செய்யும் பாவம்.

432 இயற்கையோட சுருதி, உடம்பைக் குணமாக்கும்னு சொல்றாங்களே, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஹெர்ட்ஸ்ங்கிறதே ஒரு செகண்டுக்கு எத்தனை அதிர்வுங்கிற கணக்கு, செகண்ட் மனுஷன் வகுத்தது. 440ம் புனிதம் ஒண்ணும் இல்ல, 1939ல லண்டன்ல கூடிப் பேசி முடிவு பண்ணது, அதுக்கு முன்னாடி 1859ல பிரான்ஸ் 435ன்னு வச்சிருந்தாங்க. 440க்கும் 432க்கும் உள்ள வித்தியாசம் அரை சுரத்துல மூணுல ஒரு பங்கு கூட இல்ல, தனியா கேட்டா நிறைய பேருக்குப் பிடிபடாது. மனசு உருகுறது எந்த ஸ்கேல், எவ்ளோ சுத்தமா டியூன் பண்ணிருக்காங்கங்கிறதைப் பொறுத்துதான், உங்க யோசனையை அதுல செலவழிங்க.

தியானத்துக்கு மட்டும், தனியா மட்டும்தான்னா 432 தாராளமா எடுங்க, ஆனா பின்னாடி ரெண்டாவது வாங்கினா அதையும் 432லயே வாங்கணும்.