கில்ட்டை அழுக்காக விடுங்கள்

ஐயா,

வணக்கம். நான் கிளாஸ்கோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவரின் திருமணத்துக்கு, ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த பாவாடையான கில்ட்டை வாடகைக்கு எடுத்துப் போட்டேன். அவ்வளவு வசதியாக இருந்தது. அப்புறம் சொந்தமாக ஒன்று வாங்கி வாரக் கடைசியில் போட ஆரம்பித்தேன். என்னோடு நடந்துவர மனைவி மறுக்கிறாள். தமிழன் இன்னொருவருடைய டார்ட்டனை, அதாவது குலத்துக்குக் குலம் மாறும் கட்டம் போட்ட துணியை, உடுத்துவது சரியா என்று ஒரு நண்பர் கேட்கிறார். போன வாரம் பப்பில் இரண்டு பெண்கள் பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தி போனில் படமும் எடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். என் கேள்வி இதுதான்: வீரர்களின் உடையான கில்ட், ஆண்களின் அன்றாட உடையாக மறுபடி வருமா? நடைமுறைக்கு ஒத்துவருமா?

எம்.

அன்புள்ள எம்.,

பழைய உடைகள் எப்படிச் சாகின்றன என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

நண்பரின் கேள்வியை விட்டுத்தள்ளுங்கள். இன்ன குலத்துக்கு இன்ன டார்ட்டன் என்ற பட்டியலே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், பானக்பர்ன் ஊரின் வில்சன் குடும்பம் போன்ற நெசவு வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களோடு சேர்ந்து கெட்டிப்பட்டது. 2009 முதல் ஸ்காட்லாந்தில் அரசாங்கமே டார்ட்டன் பதிவேடு வைத்திருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் புதிய கட்டம் வடிவமைத்துப் பதியலாம். அவர்களுக்கு இல்லாத வருத்தம் உங்கள் நண்பருக்கு எதற்கு? மனைவி விஷயத்தில் நான் தலையிட மாட்டேன்.

ஆனால் ‘வீரர்களின் உடை’ என்று எழுதினீர்களே, அதை விட முடியாது. 13ஆம் நூற்றாண்டுப் போராளிகள் கில்ட் கட்டிக்கொண்டு ஓடுவது சினிமாவில்தான். ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டின் ஆட்கள் ஒரு பெரிய கம்பளித் துணியை இடுப்பில் மடித்துப் பெல்ட் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டதாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெரியவருகிறது. மாடு ஓட்டுகிறவன் பகலில் அதை உடுத்திக்கொண்டான், ராத்திரி அதையே போர்த்திக்கொண்டு வெட்டவெளியில் படுத்தான். 18ஆம் நூற்றாண்டில் மேல்பாதி போய்க் கீழ்ப்பாதி மட்டும் நின்றது. தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலைக்காரர் தன் ஆட்கள் உலையருகே வசதியாக வேலை செய்யட்டும் என்று வெட்டிவிட்டதாக ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் அதை ஏற்பதில்லை. யார் வெட்டியிருந்தால் என்ன, கைவேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் வெட்டினார்கள்.

வீரர்கள் கட்டியபோது என்ன ஆனது தெரியுமா? முதல் உலகப்போரின் பதுங்கு குழிகளில் சேறு ஊறிய கம்பளியின் ஓரம் குளிரில் விறைத்து முழங்காலுக்குப் பின்னால் தோலை அறுத்தது. மடிப்புகளுக்குள் பேன் குடியேறியது. எதிரி வீசிய கடுகு வாயு என்ற விஷவாயு வெறும் தொடைகளைப் புண்ணாக்கியது. இரண்டாம் போர் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே போர்முனையிலிருந்து கில்ட்டை விலக்கிவிட்டார்கள். 1944 ஜூன் 6 அன்று பிரிட்டிஷ் படையின் பைப் வாத்தியக்காரர் பில் மில்லின் தன் அப்பாவின் கில்ட்டைக் கட்டிக்கொண்டு நார்மண்டிக் கரையில் இறங்கிப் பைப் வாசித்தது நெஞ்சை அள்ளும் காட்சிதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கரையில் கில்ட்டோடு இறங்கியவர் அவர் ஒருவர்தான்.

சரி, மலைக்காரன் தினமும் கட்டிய உடை எங்கே போயிற்று? 1746இல் கலோடன் போரில் ஹைலேண்ட் படை அரசுப் படையிடம் தோற்றது. அதே வருடம் சட்டம் வந்து, 1747 ஆகஸ்ட் 1 முதல் மலைநாட்டு ஆண்களும் சிறுவர்களும் இந்த உடையைப் போடக் கூடாது என்றானது. முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் சிறை, இரண்டாம் தடவை 7 வருடம் கடல்கடந்து நாடுகடத்தல். அரசனின் படையில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கியபோது, கில்ட்டோடு பிறந்து வளர்ந்த தலைமுறை பெரும்பாலும் போய்விட்டது. மற்றவர்கள் கால்சட்டைக்குப் பழகியிருந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாவில் தலைமுதல் கால்வரை டார்ட்டன் அலங்காரத்தோடு நின்றார். கலோடனில் மலைக்காரர்களை வெட்டிச் சாய்த்த படைக்குத் தளபதியாக இருந்தவர் இந்த மன்னருடைய தாத்தாவின் தம்பி. மன்னர் கில்ட்டில் நின்ற அந்தக் காலத்தில்தான் ஹைலேண்டின் சதர்லாந்து பக்கம் குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டிவிட்டு நிலச்சுவான்தார்கள் ஆடு மேய்க்க விட்டார்கள். உடுத்தியிருந்தவன் கப்பலேறினான், அவன் உடை அரண்மனை ஏறியது. அன்றைக்குப் பிடித்த விறைப்பு இன்னும் போகவில்லை. 8 கஜம் கம்பளி, கையால் தைத்த மடிப்பு, தோல் பை, காலுறையில் குத்துவாள் என்று எல்லாம் சேர்ந்து பல நூறு பவுண்டு ஆகிறது. ஒரு மடிப்பு பிசகினால் திருத்த நாலு பேர் வருகிறார்கள். மடிப்புகளை நூலோட்டிப் பிடித்துவைக்காமல் துவைக்க முடியாது. அதனால் யாரும் துவைப்பதில்லை. துவைக்க முடியாததை அடிக்கடி போடவும் முடியாது.

ஹைலேண்டில் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் மழைக்கு ஒரு பேருந்து நிழற்குடையில் ஒதுங்கியிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். உட்காரும்போது புறங்கையால் பின்மடிப்புகளை ஒரே வீச்சில் வழித்துவிட்டுக்கொண்டார். அந்தக் கை தானாகப் போனது. கில்ட் உட்காரும் இடத்தில் சாயம் போய்ச் சாம்பலாகியிருந்தது. இடுப்பு வார் ஒன்று கறுப்பு, இன்னொன்று புதிதாகத் தைத்த பழுப்பு. முன்பக்கத் தோல் பையிலிருந்து பேருந்து அட்டையை எடுத்தபோது ஓர் அளவுநாடாவும் ரெண்டு ஆணிகளும் சேர்ந்து வந்தன. குளிரவில்லையா என்று கேட்டேன். “பேன்ட் நனைந்தால் நாள் பூரா ஈரம். கால் நனைந்தால் துடைத்தால் போச்சு” என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் அன்று நான் பார்த்த மற்றக் கில்ட்டுகள் எல்லாம் ஒரு கல்யாணக் கூட்டத்தில், வாடகை உடையில் கறை பட்டுவிடுமோ என்று நின்றுகொண்டே குடித்தவர்களுடையவை.

கட்டியிருப்பவனை யாரும் திரும்பிப் பார்க்காத நிலை வந்தால்தான் அது அன்றாட உடை. இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றம் அதே வருடம் சட்டம் போட்டது. நல்ல சட்டம், தேவையான சட்டம். இருந்தும் வெள்ளை வேட்டி பல வீடுகளில் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும்தான் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. கைலிக்கு எந்தச் சட்டமும் இல்லை, மரியாதையும் இல்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறோம், சைக்கிளுக்குக் காற்றடிக்கிறோம், தூங்குகிறோம்.

இப்போது அந்தப் பப். எம்., அதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் சிரித்தீர்கள்? உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் துணியைத் தூக்கினார்கள், படம் எடுத்தார்கள். கூசிப்போயிருப்பீர்கள். ஆண்பிள்ளை கூசியதைச் சொன்னால் கேலி செய்வார்கள் என்று சிரித்து மழுப்பியிருக்கிறீர்கள். இதே காரியத்தை இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணுக்குச் செய்திருந்தால் அந்தப் பப்பில் யார் சிரித்திருப்பார்கள்? கில்ட்டை வேடிக்கைப் பொருளாக்கியதால் அதைக் கட்டியவனையும் பொதுச்சொத்தாக்கிவிட்டார்கள். ‘உள்ளே என்ன போட்டிருக்கிறாய்’ என்ற அந்தப் பழைய கேள்வியை நான் வெறுக்கிறேன். அனுமதியில்லாமல் ஆடைக்கடியில் படமெடுப்பதை 2010லேயே ஸ்காட்லாந்து பாலியல் குற்றத்தில் சேர்த்துவிட்டது. அந்தச் சட்டம் உங்களுக்கும்தான்.

நடைமுறை என்று கேட்டீர்கள். முடியும். அமெரிக்காவின் சியாட்டிலில் 2000இல் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம், பருத்தியில் பெரிய பைகள் வைத்து, இயந்திரத்தில் போட்டுத் துவைக்கிற மாதிரி வேலை கில்ட் தைத்தது. எடின்பரோவில் ஹவி நிக்கல்ஸ்பி என்ற கில்ட் தையல்காரர் டெனிமில் தைக்கிறார். மரபுக்காரர்கள் முகம் சுளிக்கட்டும். கில்ட்டுக்கு எதிர்காலம் இருந்தால் அது இவர்கள் தையல் மேசையில்தான் இருக்கிறது. எல்லா ஆண்களும் மாறிவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு தெருவுக்கு ஒருவர் போதும்.

உங்களுடையது கம்பளி என்றால் அதை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியில் ஒன்று வாங்குங்கள், கட்டாயம் பை வைத்ததாக. அதைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்குங்கள், குப்பைத்தொட்டியை வெளியே தள்ளுங்கள், துணிகளோடு சேர்த்துத் துவைத்துக் காயப்போடுங்கள். குத்துவாளெல்லாம் வேண்டாம். சைக்கிளில் போனால் மட்டும் உள்ளே ஒரு அரைக்கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், காற்று பலமாக அடிக்கும் ஊர். அந்தப் பப்பின் மேலாளருக்கு நடந்ததைத் தேதி நேரத்தோடு இன்றைக்கே எழுதிப் போடுங்கள். கேமரா பதிவை அழிக்காமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், போலீஸில் புகார் கொடுக்க அது வேண்டியிருக்கும்.