ரத்த ஞாயிறு: நவம்பர் 21-ஆ, ஜனவரி 30-ஆ?

பள்ளிப் பலகையில் நவம்பர் 21-க்கு "அயர்லாந்தின் ரத்த ஞாயிறு" என்று எழுதினீர்கள், சக ஆசிரியர் அது ஜனவரி 30 என்று அழித்துவிட்டார் என்கிறீர்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான், வருஷம்தான் வேறு. அவர் சொல்வது 1972, வட அயர்லாந்தின் டெர்ரி நகரம்: குடிமை உரிமைகள் கேட்டு நடந்த பேரணி மீது பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள்.

உங்களுடையது 1920, டப்ளின். அன்று காலையில் ஐரிஷ் விடுதலைப் போராளி மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைச் சுட்டார்கள். மதியம் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளின் அணிக்கும் திப்பரரி அணிக்கும் கேலிக் கால்பந்து (அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து வகை) ஆட்டம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே போலீஸ் படை உள்ளே நுழைந்து சுட்டது. சுமார் ஒன்றரை நிமிடம்தான், 14 உயிர்கள். மதில்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பத்து வயதுப் பையனும் அதில் ஒருவன். இன்னும் ஐந்து நாளில் கல்யாணம் என்றிருந்த ஒரு பெண்ணும் பலியானாள். திப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் மைதானத்திலேயே விழுந்தார். அங்கே ஹோகன் ஸ்டாண்ட் என்ற பார்வையாளர் மாடம் இருப்பது அவர் பெயரில்தான். இரவு டப்ளின் கோட்டையில் காவலில் இருந்த ஐரிஷ்காரர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள்.

பலகையில் "1920, டப்ளின்" என்று சேர்த்து எழுதுங்கள், போதும். அப்புறம், 1913 ஆகஸ்ட் 31-ல் டப்ளின் தொழிலாளர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய நாளுக்கும் இதே பெயர் உண்டு. அதை உங்கள் சக ஆசிரியரிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்!