சென்டினல் கணுக்களை மட்டும் எடுத்தால் போதுமா?

கருப்பை உட்படலப் புற்றுநோய்க்காக அம்மாவின் கருப்பையை அகற்றும்போது சென்டினல் நிணநீர்க் கணுக்களை, அதாவது கருப்பையின் நிணநீரை முதலில் வாங்கும் கணுக்களை, மட்டுமே எடுப்பதாக மருத்துவர் சொன்னதையும், விட்டுவைக்கும் கணுக்களில் நோய் ஒளிந்திருக்காதா என்ற அச்சத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அறுவை அரங்கிலிருந்து வரும் கணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். உங்கள் இடத்தில் இருந்தால், விட்டுவைக்கும் கணுக்களைவிட, சென்டினல் கணுவைக் காட்டும் சாயம் இடுப்பின் ஒரு பக்கத்தில் ஏறாமல் போவதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

கருப்பை வாயில் இன்டோசயனின் கிரீன் என்னும் சாயத்தை ஊசியால் செலுத்தினால், அது நிணநீரோடு ஓடி, கருப்பையின் நிணநீரை முதலில் வாங்கும் கணுவில் போய்த் தங்கும். தனிக் கேமரா அந்தக் கணுவைப் பச்சையாக ஒளிரக் காட்டும். நோய் பரவினாலும் பெரும்பாலும் இதே வழியில்தான் பரவும். 2017இல் வெளியான ஃபயர்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வில், சென்டினல் கணு கிடைத்தவர்களுள் 36 பேருக்குக் கணுக்களில் நோய் இருந்தது; அவர்களில் 35 பேரிடம் சென்டினல் கணுவே அதைக் காட்டிக்கொடுத்தது. கணுக்களை முழுவதுமாக அகற்றுவதால் ஆயுள் கூடுவதாக, 1,408 பெண்கள் பங்கேற்ற ஆஸ்டெக் ஆய்வு (2009) காட்டவில்லை. அதில் போதிய கணுக்கள் எடுக்கப்படவில்லை என்ற குறை சொல்லப்படுவது உண்டு. ஆனால் அதிகமாக எடுத்தால் நிணநீர் தேங்கிக் கால் வீங்கும் தொல்லையும் அதிகமாகும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அதே ஃபயர்ஸ் ஆய்வில் இடுப்பின் இரு பக்கமும் சாயம் ஏறியது 52 விழுக்காட்டினருக்குத்தான். ஆகவே, ஒரு பக்கம் சாயம் ஏறாவிட்டால் என்ன செய்வார் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மீண்டும் ஊசி போட்டுப் பார்ப்போம், அப்போதும் தெரியாவிட்டால் கட்டியின் தன்மையைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கணுக்களை மட்டும் அகற்றுவோம் என்றால் அது நல்ல பதில். பருத்திருக்கும் கணுவைச் சாயம் ஏறாவிட்டாலும் எடுத்தாக வேண்டும். நோய் நிரம்பிய கணு நிணநீரை அடைத்துச் சாயத்தை வேறு பாதைக்குத் திருப்பிவிடக்கூடும்.

இருபது கணுக்கள் ஒன்றாக வந்தால், ஒவ்வொன்றிலும் ஓரிரு வெட்டுகளைப் பார்ப்பதே எங்கள் வழக்கம். இரண்டு மூன்று சென்டினல் கணுக்கள் மட்டும் வந்தால், பல மட்டங்களில் மெலிதாகச் சீவி, புற்று உயிரணுக்களைக் காட்டும் வேறொரு சிறப்புச் சாயமும் ஏற்றித் தேடுகிறோம், 0.2 மில்லிமீட்டருக்கும் சிறிய புற்று உயிரணுத் திரளைக்கூட இதில் காணலாம். அவ்வளவு சிறிய திரள் மட்டும் இருந்தால் கணுவில் நோய் பரவியதாகக் கணக்கிடுவதில்லை என்பதால், அறிக்கையில் அந்த வரியைக் கண்டு பதற வேண்டாம். இந்தத் தேடலுக்குக் கூடுதல் நாட்கள் பிடிக்கும். அறிக்கை தாமதமானால் அதுவே காரணமாக இருக்கலாம்.