தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்குப் புதுச்சேரியில் எப்படிச் சான்று தேடுவது?

கொள்ளுத்தாத்தாவும் தாத்தாவும் 'சொல்தா' (பிரெஞ்சுப் படைவீரர்), அப்பா மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் டிரங்குப் பெட்டியைக் கிளறுங்கள். எங்கள் வீட்டில் ஓரம் கரையான் அரித்த படைக் கையேடு ஒன்று கிடைத்தது. அதிலிருந்த எண்தான் பிடி கொடுத்தது. பெயரை நம்பித் தேடினால் வழி தவறும். 1881 பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், அண்ணன் தம்பிக்கே வேறு வேறாக இருக்கலாம்!

முதல் உலகப் போரில் மாண்டவர் என்றால் பிரெஞ்சு அரசின் 'மெமுவார் தே ஸோம்' தளத்தில் பாருங்கள். இந்தோசீனா (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) போய்த் திரும்பிய தாத்தாவுக்கு, பிரான்சின் போ நகரிலுள்ள படையினர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.

சரி, அப்பா? புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16இலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென இங்கிருந்தவர்கள் எழுதித் தந்திருக்க வேண்டும். தாத்தா அதைச் செய்தாரா என்று விசாரியுங்கள். செய்யாவிட்டால் சின்னப் பையனாக இருந்த அப்பாவும் இந்தியர்தான். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போகாததற்கு அது காரணமாக இருக்கலாம்.